காதில் குரும்பை

தாணுமாலையன்: பத்மநாபசாமி சத்தியம் பொன்னம்மை! நான் சொல்லப்போறதிலே ஒரு எழுத்து பொய் கிடையாது.

பொன்னம்மை: அது கெடக்கட்டும். காதைச் சுத்தி என்னத்துக்குத் துண்டு? எடுங்கோ...

தாணுமாலையன்: ஏட்டி, இழுக்காதே!

பொன்னம்மை: அய்யோ! தேங்காக் குரும்பை! சீட்டிலே தோத்தவனுக்குல்லா காதிலே இந்தக் குணுக்கைத் தொங்கவிடுவாங்க! இதோடயா கிழக்கேகோட்டையிலேருந்து பஸ்ஸிலே வந்தீங்க?

தாணுமாலையன்: கண்டக்டர் எழுந்திரிச்சு எடம் தந்தான்.

பொன்னம்மை: மானம் போச்சு! எங்க அண்ணன் உங்களை நம்பி, கூட்டாளியாச் சேத்து, போட்டிக்குப் பேரு குடுத்தாரு. இவ்வளவு நாளும் என்னதான் படிச்சீங்க?

தாணுமாலையன்: அத்தான் மாதிரி விழுந்த சீட்டையெல்லாம் மனசிலே வெக்க எனக்கு வராது. எனக்கு ஏத்தாப்பிலே படிச்சேன். இருபத்தெட்டு ஆட்டத்திலே குலான்ங்கிற ஜாக்கிக்குத்தான் ஒசந்த மதிப்பு. அவனை எங்க ஆபீஸ் பியூன்னு மனசிலே வெச்சேன். ராஜா எங்க சூப்பரண்டு. மதிப்பு சைபர்.

பொன்னம்மை: ராஜாவுக்கு சைபரா?

தாணுமாலையன்: மெல்லச் சொல்லு. திருவனந்தபுரத்திலே இருக்கோம்.

பொன்னம்மை: பொறவு எப்படித் தோத்தீங்க?

தாணுமாலையன்: முதல் ஆட்டத்திலே ஒரு ரிட்டயர்டு மாஜிஸ்திரேட்டைக் கவுத்தேன். மனுசன் என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லே. அடுத்தது ரெண்டு வக்கீலு...

பொன்னம்மை: கடைசியைச் சொல்லுங்கோ.

தாணுமாலையன்: கடைசி ஆட்டம். கையிலே ரெண்டு குலான். துணிஞ்சு இருபத்திநாலு பாயிண்டு எடுப்பேன்னு விளிச்சாச்சு. அப்பம் பாத்து எதிராளி சூப்பரண்டை எறக்கினான். எனக்குப் பழக்கதோஷம்... எழுந்திரிச்சு ரெண்டு கையையும் கூப்பினேன். சீட்டு பூரா மலந்து விழுந்துட்டு.

பொன்னம்மை: அண்ணன் என்ன சொன்னாரு?

தாணுமாலையன்: முதுகிலே தட்டிக்குடுத்தாரு. "மச்சான், ஆம்பளை மாதிரி நின்னு தோத்தீரு"ன்னாரு.

பொன்னம்மை: இங்க வந்துட்டுத்தான் போனாரு.

தாணுமாலையன்: யாரு... அத்தானா? எப்பம்?

பொன்னம்மை: இப்பம்தான். காப்பி கொண்டுவந்தேன், தொடலே. கண்ணு கலங்கியிருந்து. என்னன்னு கேட்டதுக்கு, "உன் மாப்பிள்ளையவே கேளு"ன்னாரு.

தாணுமாலையன்: அந்தக் காப்பி ஆறிப்போச்சா?

பொன்னம்மை: கேக்கேன். சொல்லுங்கோ.

தாணுமாலையன்: அத்தான் போட்டிப் பந்தல்லே ஒத்தைக்கு நின்னாரு. மைக்கிலே என் பேரை ரெண்டு வாட்டி விளிச்சாங்க... நான் உள்ள போகவே இல்லே பொன்னம்மை. பந்தலுக்கு எதிரே குளத்துப் படியிலே இருந்து, இந்தக் குரும்பையை நானேதான் கெட்டிக்கிட்டேன்.