மிட்டு மார்க் மாப்பிள்ளை

அப்படியா தம்பி, மௌத் பிரெஷ்னரா! நான் இத்தன நாளா பொகையிலன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். சம்பந்தம் பேசிவிடுத சொர்ணம்மாக்கா முலுண்ட்ல இருந்து போன் போட்டு, பையன் மிட்டு கம்பெனியில ஆபீசர்னு சொன்னப்பவும், பொகையில ஆபீசர்னுதான் என் காதுல விழுந்துச்சு. கோவிச்சிக்கிடாதிய. படிப்பில்லாதவ. லட்டு எடுத்துக்கிடுங்க. பெரிசா இருக்கா? ஆமா, மாட்டுங்கா கடைக்கு நான் உருட்டிப் போடுதது இதுல பாதிதான் இருக்கும். இது வீட்டுக்கு வார விருந்தாளிக்குல்லா. எம்மவ ஷாலினி சயான்ல ரயில் எறங்கிட்டாளாம், நைண்டி பீட் ரோட்டுல டெம்போவுக்கு நடுவுல பூந்து வந்து சேரணும். அவ வாரதுக்குள்ள நாம ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிடணும்னுதான் உங்கள முந்தியே வரச் சொன்னேன்.

என்னது, எழுவத்தஞ்சு வருசமாச்சா கம்பெனிக்கு? பெரிய ஓட்டல்ல விழாவா? எடுக்கட்டும், எடுக்கட்டும். உங்க கம்பெனி கதைய நான் சொல்லுதேன், சரியான்னு மட்டும் பாத்துக்கிடுங்க. பெரிய சேட்டு மசூதி பந்தர்ல ஒரு சந்துக்குள்ள சாக்க விரிச்சி உக்காந்து, பொகையிலய கையால கசக்கி வித்தாரு. பொறவு தகர டப்பா வந்துச்சு. மேல ஒரு பச்சக்கிளி, அலகத் தெறந்துக்கிட்டு. மிட்டு மார்க் ஜர்தா. அது வசதியுள்ளவனுக்கு, பான்ல வச்சி மடிச்சித் தின்னுட்டு காருக்குள்ள இருந்து துப்புதவனுக்கு. ஏழைக்கு டப்பா வாங்க வழியில்லல்லா? அவனையும் விட்டுரக் கூடாதேன்னு சின்னச் சேட்டுக்கு மனசு கெடந்து அடிச்சிருக்கு. பாக்கு, சுண்ணாம்பு, பொகையில, செண்டு எல்லாத்தையும் கலந்து சின்னப் பொட்டலத்துல அடச்சி, கடைக்குக் கடை சரம் சரமா தொங்க விட்டாரு. என்ன கருணை பாருங்க! பால் பாக்கெட்டு எட்டாத ஒத்த ரூம் கோலிக்கும் மிட்டு குட்கா எட்டிட்டு.

ஏன் தம்பி, கிள்ளிக் கிள்ளித் திங்கிய? நல்லாத் தின்னுங்க. நெய் கையில ஒட்டுதா? துணி இன்னா இருக்கு. சரி, பையத் தின்னுங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கிய? சொர்ணம்மாக்கா சொல்லலியா? ஷாலினி அப்பாவும் உங்க கம்பெனிதான். சுடலைக்கண்ணன். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டிய, ஏசிக்குள்ள இருந்த ஆளு இல்ல. கடைகளுக்குச் சரக்குப் போட வேன்ல லைன் போனவிய. தாராவி, சயான், கோலிவாடா, செம்பூர் வரைக்கும் எல்லா பான் கடையும் அவிய கைக்குள்ளதான். சட்டையில இந்த நெஞ்சுப்பக்கம் கிளி. புது ரகம் வந்தா கடைக்காரன் வாங்கத் தயங்குவாம்லா? அப்பம் லைன்காரன் மொதப் பொட்டலத்த அவன் கண்ணு முன்னாடியே கிழிச்சி, தன் வாயில போட்டு, ஏக்தம் சூப்பர்னு தலைய ஆட்டிக் காட்டணும். ஒவ்வொரு கடையிலயும். டெமோன்னு பேரு. இப்பமும் உண்டா? ஓ, இப்பம் அதுக்கு டிரெயினிங்கே குடுக்காவளா. முன்னேத்தம்தான்.

சேட்டு என்னைக்காவது வாயில போட்டுருக்காரான்னு ஒருக்க அவியகிட்ட கேட்டேன். சேட்டு டீகூட குடிக்க மாட்டாராம் தம்பி. வெந்நியும் துளசியும்தானாம். ஒடம்ப அப்பிடிப் பாத்துக்கிடுவாராம்!

பொறவு சர்க்காரு குட்காவுக்குத் தடை போட்டுச்சா. நாங்கள்லாம் கடைய மூடிட்டு ஓடிருவாங்கன்னு பாத்தோம். போக்கத்த ஜனம் நாங்க. சேட்டு என்ன செஞ்சாரு? பாக்கு ஒரு பொட்டலம், பொகையில ஒரு பொட்டலம். ரெண்டும் ஒரே ஆணியில பக்கத்துப் பக்கத்துல தொங்குது. வாங்குதவன் உள்ளங்கையில கொட்டிக் கலந்துக்கிடுதான். கம்பெனி கலக்கல பாருங்க, கலந்தது அவன் கைதான்! செத்தா அவன் கையப் புடிச்சி ஜெயில்ல போடுங்க. அந்த மூளைக்கே ஒரு மாலை போடணும். பொகையிலைக்கு வெளம்பரம் கூடாதுன்னு கெடுபிடி வந்ததும் ஏலக்கா. டிவியில வருதே, கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருத்தன் ஹெலிகாப்டர்ல இருந்து எறங்குதான், ரெண்டு பொம்பளைய ஓடி வாராவ, எதுக்குன்னு பாத்தா ஒரு ஏலக்கா. எனக்குச் சிரிப்பாணிய அடக்க முடியல. நானும் வருசக்கணக்கா லட்டுல ஏலக்கா தட்டிப் போடுதேன், இந்தச் சந்துக்குள்ள ஒரு ஹெலிகாப்டரும் வரக் காணோம். அந்த டப்பாவுலயும் அதே கிளிதான். கிளியப் பாத்தா பழகுன கை எதுக்குப் போகும்னு சேட்டுக்குத் தெரியாதா?

இப்பம் நீங்க கொண்டு வாரது மிட்டு கூல். குட்டித் தலவாணி மாதிரி ஒரு பை, உதட்டுக்குள்ள வச்சிக்கிட்டு மீட்டிங்ல உக்காரலாம், துப்பவும் வேண்டாம், நாறவும் செய்யாது. காலேஜ் புள்ளயளுக்கும் பிடிச்சிருக்குன்னு சொன்னிய. டப்பாவக்கூட எடுத்துக் காட்டினியளே, மேசையில வச்சிருக்கிய பாருங்க. அழகாத்தான் இருக்கு. கிளிக்குக் கூலிங் கிளாஸ் வேற மாட்டி விட்டுருக்கான், சவத்துப்பய.

இல்ல, உங்களச் சொல்லல. உக்காருங்க. உங்க மேல எனக்கு என்ன கோவம்? நல்ல குடும்பம், நாங்குநேரிப் பக்கம், செம்பூர்ல சொந்த பிளாட்டு. மகேஷ்குமார்னு பேரச் சொல்லும்போதே ஷாலினிக்கு மொகம் மாறுது. அவளுக்கு உங்களப் பிடிச்சிருக்கு தம்பி. வேற எவனாவதா இருந்தா ஒரு டீயக் குடுத்து அனுப்பிருப்பேன், இவ்ளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேச மாட்டேன்.

போன வாரம் மாட்டுங்காவுல பானிபூரி கடைக்குப் போனியளாம்லா. அவ தின்னாளாம், நீங்க தொடலையாம். ரோட்டுக்கடை ஒத்துக்காதுன்னியளாம். வந்து எங்கிட்ட பெருமையாச் சொல்லுதா, எம்மா, அவங்க எவ்ளவு சுத்தம் பாக்காங்க தெரியுமான்னு. நான் அப்பம் லட்டு உருட்டிட்டு இருந்தேன். கை அப்பிடியே நின்னுட்டு.

ஏன்னா கேக்கிய? ஷாலினி அப்பா என்னையப் பொண்ணு பாக்க வந்ததும் இதே தாராவியிலதான், எங்கப்பா கோலியில. தட்டுல லட்டு வச்சாவ. கூட வந்தவிய எல்லாம் வாய் நெறய அடச்சிக்கிட்டுப் பேசுதாவ, இவிய மட்டும் கிள்ளிக் கிள்ளி, ஒவ்வொரு பூந்தியா எடுத்து வாயில வச்சாவ. எங்கம்மைக்குச் சந்தோசம் தாங்கல. பையன் என்ன நாகரிகம் பாத்தியாட்டி, அலட்டிக்கிடாம திங்கான்னா. நானும் கதவிடுக்கு வழியா பாத்து அதுலதான் மயங்கிப் போனேன். தாலி கட்டி முடிச்சி, பாலும் பழமும் குடுக்கச் சொன்னாவ. வாழப்பழத்த வாயில வைக்கேன், உள்ள போகல. எல்லாரும் மாப்பிளைக்கு வெக்கம்னு சொல்லிச் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். டெமோ போட்டுப் போட்டு எறுகி, வாயே அவ்ளவுதான் தெறக்கும்னு அந்த மண்டபத்துல ஒருத்தருக்கும் தெரியல. அவியளுக்குத் தெரியும். அவிய சொல்லல.

பொறவு இட்லிய மசிச்சிக் குடுத்தேன். பொறவு கஞ்சி. பொறவு ஸ்பூனும் போகல. கடைசியில பரேல் கேன்சர் ஆசுபத்திரியில மூக்கு வழியா குழாய். பேசவும் முடியாது. ஷாலினி அப்பம் ஸ்கூல் படிச்சா, அப்பா என்ன சொல்லுதாங்கன்னு என் மூஞ்சியப் பாப்பா. எனக்கும் தெரியாது தம்பி. காரியத்தன்னைக்கி கம்பெனியில இருந்து மாலை வந்துச்சு. ரிப்பன்ல கிளி. அலக நல்லாத் தெறந்துக்கிட்டு.

அன்னா, ஏணியில செருப்புச் சத்தம் கேக்கு. அவதான்.

தட்டுல முழுசா ஒண்ணு இருக்கு பாருங்க. வேண்டாம், கிள்ளாதிய. பெரிசுதான், ஆனா போகும். நேத்து நான் போட்டுப் பாத்தேன், போச்சு. அவளையும் போடச் சொன்னேன், எதுக்குன்னு தெரியாமலே போட்டு மென்னுட்டுப் போனா. போகலன்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் வைய மாட்டேன். பரேலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், எந்த வாசல், எந்த மாடின்னு எல்லாம் எனக்கு அத்துப்படி. பொண்ணு மட்டும் தர மாட்டேன். போச்சுன்னா இந்த நிமிசமே மாப்பிளன்னு கூப்பிடுதேன். எனக்கும் ஆச இல்லாமலா இவ்ளவு நெய்ய ஊத்தி உருட்டினேன்?

ம். வாயத் தெறங்க.