ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில்

நரேஷ்: ...அந்த மணியை எத்தன தடவைதான் அமுக்குவீங்க?

பாஞ்சாலி: அமுக்குனாத்தான சார் கீழ வாட்ச்மேனுக்குத் தெரியும்? லிஃப்டும் நின்னுடுச்சு, லைட்டும் போயிடுச்சு.

நரேஷ்: அது எனக்கும் தெரியுது. கண்ணு இருக்கு.

பாஞ்சாலி: இந்த இருட்டுல கண்ணு இருந்து இன்னா பண்றது...

நரேஷ்: என்ன சொன்னீங்க?

பாஞ்சாலி: ஒண்ணுமில்ல சார்.

நரேஷ்: ஆமா, நீங்க ஏன் இதுல ஏறுனீங்க? வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்குப் பின்னாடி சர்வீஸ் லிஃப்ட் இருக்குல்ல?

பாஞ்சாலி: அதுல யாரோ வீடு மாத்துறாங்க. பீரோ ஏத்திக்கினு இருக்காங்க. ஏன் சார்... நான் ஏறுனதாலதான் இது நின்னுச்சுங்கறீங்களா?

நரேஷ்: நான் அப்படிச் சொல்லல...

பாஞ்சாலி: சொல்லிடாதீங்க. பதினோராவது மாடி சோஃபியா மேடம் ஏற்கெனவே கடிகாரத்தைப் பாத்துக்கினு நிப்பாங்க.

கிருஷ்ணப்பா: ஹலோ... ஹலோ... யாரு ஒளகே? உள்ள யாரு?

பாஞ்சாலி: தோ, ஸ்பீக்கர்ல பேசுறாரு சார், வாட்ச்மேன் கிருஷ்ணப்பா! அண்ணே, நான்தான், பாஞ்சாலி.

கிருஷ்ணப்பா: பாஞ்சாலக்காவா? நீங்களா? லிஃப்ட்லயா? ஏன்...

பாஞ்சாலி: கதையெல்லாம் அப்புறம் கேளுங்க. நானும் ஒரு சாரும் மாட்டிக்கினோம். மொதல்ல ஆளைக் கூப்பிடுங்க.

நரேஷ்: கிருஷ்ணப்பா, நான் நரேஷ், ஒன்பதாவது மாடி. எவ்ளோ நேரம் ஆகும்?

கிருஷ்ணப்பா: மெக்கானிக் ஹூடி சிக்னல்கிட்ட வந்துட்டான் சார். ஐது நிமிஷ. அஞ்சே நிமிஷம்.

பாஞ்சாலி: ஹூடி சிக்னல்லருந்து அஞ்சு நிமிஷமா? அவன் என்ன பறந்தா வரான்?

நரேஷ்: டவரும் இல்ல... ஒரு கோடுகூட இல்ல... மணி பத்தே முக்கால்... கதவைத் திறங்கடா! யாராவது...

பாஞ்சாலி: சார். சார்! கதவை உதைக்காதீங்க. உக்காருங்க.

நரேஷ்: மூச்சு முட்டுது எனக்கு.

பாஞ்சாலி: அதான் சொல்றேன், கீழ உக்காருங்க. பேக்கைக் கழட்டி மடியில வைங்க. மேல் பட்டனைக் கழட்டுங்க... எங்கப்பா யாரு தெரியுமா? கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துல வேலை செஞ்சவரு.

நரேஷ்: அதுக்கு?

பாஞ்சாலி: சுரங்கத்துல கேஜ்னு ஒரு கூண்டு. அதுலதான் ஆளுங்களைப் பூமிக்குள்ள எறக்குவாங்க. அது நடுவழியில நின்னா ஒரு ரூல் இருக்குது சார். மொதல்ல எல்லாரும் உக்காந்துடணும். அப்புறம் அவனவன் டப்பாவுல இன்னா சாப்பாடு இருக்குதுன்னு ஒவ்வொருத்தனா சொல்லிக்கினே வரணும்.

நரேஷ்: எதுக்கு?

பாஞ்சாலி: சோத்தைப் பத்திப் பேசும்போது யாருக்கு சார் மூச்சு முட்டும்? நான் சொல்றேன் கேளுங்க. இன்னைக்கு விடியகாலை மாரிகுப்பத்துல ரயிலேறும்போது கத்திரிக்காய் கொழம்பு, ரெண்டு அவிச்ச முட்டை. ஒண்ணை ரயில்லயே தின்னுட்டேன். இப்ப நீங்க.

நரேஷ்: என்கிட்ட டப்பா இல்ல.

பாஞ்சாலி: காலையில இன்னா சாப்பிட்டீங்க?

நரேஷ்: நேத்து மத்தியானத்துலருந்து சாப்பிடல.

பாஞ்சாலி: ஏன்?

நரேஷ்: என் வைஃப்... மைதிலி... ஆஸ்பத்திரியில இருக்கா. டெலிவரி.

பாஞ்சாலி: ஐயையோ! இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?

நரேஷ்: குழந்தையோட ஹார்ட் பீட் எறங்கிட்டே இருக்காம். பதினொன்றரைக்கு ஆபரேஷன். நீ வந்தாத்தான் நான் உள்ள போவேன்னு சொல்லிட்டா.

பாஞ்சாலி: அப்ப இங்க இன்னா சார் வேலை உங்களுக்கு?

நரேஷ்: ஸ்கேன் ஃபைலை வீட்டுல மறந்துட்டேன். எடுக்க வந்தேன்.

பாஞ்சாலி: அப்ப... உங்க பேக்லருந்து ஏதோ கெட்டி அட்டை அப்பலருந்து என் முட்டியில குத்துது. அது இன்னா?

நரேஷ்: அதான்... ஃபைல்.

பாஞ்சாலி: ஓ.

நரேஷ்: டாக்டர் கையெழுத்துக் கேட்டாரு. போட்டேன். "ரெண்டு பேரையும் காப்பாத்த முயற்சி பண்றோம்"னாரு. முயற்சி... அந்த வார்த்தையைக் கேட்டதும் அங்க நிக்க முடியல. ஃபைலை மறந்துட்டேன்னு சொல்லி ஆட்டோ பிடிச்சுட்டேன். வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கணும்போல இருந்துச்சு.

பாஞ்சாலி: அவங்ககூட யாரு இருக்கா?

நரேஷ்: யாரும் இல்ல. அத்தை வேலூர்லருந்து வந்துட்டு இருக்காங்க... திட்டுங்க. பரவால்ல.

பாஞ்சாலி: திட்டி இன்னா ஆகப் போகுது? எனக்கு மொதப் புள்ள பொறக்கும்போது எம் புருசனும் இப்படித்தான். டீ வாங்கிக்கினு வரேன்னு போனவரு, மூணு மணி நேரம் ஆளையே காணோம்.

நரேஷ்: அப்புறம்?

பாஞ்சாலி: வந்தாரு. டீ இல்லாம.

நரேஷ்: சிரிப்பு வருது... சிரிக்கிற நேரமா இது...

பாஞ்சாலி: வந்தா சிரிங்க. பயம் வந்துச்சுன்னா கால் வீட்டைப் பாத்துத்தான் ஓடும் தம்பி. அது தப்பில்ல. திரும்பிப் போயிடணும், அவ்ளோதான்.

நரேஷ்: போய் நான் என்ன பண்ணுவேன்? இங்க பாருங்க, கையே நடுங்குது.

பாஞ்சாலி: நடுங்கட்டும். அந்த நடுங்குற கையையே கொண்டுபோய்க் குடு. அந்தப் பொண்ணு தைரியசாலியாப் பாத்து அனுப்புங்கன்னா கேட்டா? உன்னைத்தான கேட்டா? ஐயோ, நீ, வா, போன்னு சொல்லிட்டேன் சார்...

நரேஷ்: பரவால்லக்கா. சொல்லுங்க... உங்க கை ஏன் இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?

பாஞ்சாலி: நாள் பூரா பாத்திரம் கழுவுற கை. வேற எப்படி இருக்கும்? அழுவறதுன்னா இப்பவே அழுது முடிச்சுடு. அங்க போய் அந்தப் பொண்ணு முன்னாடி வேணாம்.

நரேஷ்: அவ முன்னாடிதான் அழுவேன்னு நெனைக்கிறேன்.

பாஞ்சாலி: அதுவும் சரிதான். அழு. ஆனா பக்கத்துல நின்னு அழு.

கிருஷ்ணப்பா: சார்! மெக்கானிக் வந்துட்டான்! கையால எறக்குறான், பயப்படாதீங்க... ஆய்த்து, ஆச்சு, ஆச்சு... ஆறாவது மாடி. திறங்கப்பா கதவை!

பாஞ்சாலி: அப்பாடா... வெளிச்சம்.

கிருஷ்ணப்பா: ஒன்பதாவது மாடிக்குத்தான சார்? பக்கத்து லிஃப்ட் ஓடுது. மேல போங்க.

நரேஷ்: இல்ல கிருஷ்ணப்பா. கீழ. படியிலயே எறங்கிடறேன். அக்கா, உங்களுக்கு...

பாஞ்சாலி: நின்னு பேசுற நேரமா? ஓடு தம்பி!

* * *

நரேஷ்: அக்கா! பாஞ்சாலக்கா! நில்லுங்க... அப்பா... எவ்ளோ வேகமாப் படியேறுறீங்க!

பாஞ்சாலி: யாரது... நரேஷ் சாரா! பன்னெண்டு நாளாக் கண்ணுலயே படல. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. புள்ள?

நரேஷ்: பொண்ணு. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. நேத்துத்தான் வீட்டுக்கு வந்தோம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கக்கா.

பாஞ்சாலி: என் கண்ணே... நெஞ்சு நெறஞ்சுபோச்சு சார். நேரத்துக்குப் போயிட்டீங்களா?

நரேஷ்: பதினொன்னு இருபத்தஞ்சு. ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆரம்பிச்சுட்டாங்க. ஏன் இப்படி வேர்த்திருக்குன்னு கேட்டா. பயந்து ஓடிட்டேன், திரும்பி வந்துட்டேன்னு சொன்னேன்.

பாஞ்சாலி: உள்ளதை அப்படியேவா சொன்னீங்க? இன்னா சொன்னாங்க?

நரேஷ்: கையைப் பிடிச்சு ஒரு நசுக்கு நசுக்குனா பாருங்க, இன்னும் வலிக்குது.

பாஞ்சாலி: நல்லா வேணும் உங்களுக்கு!

நரேஷ்: அக்கா, வெளையாட்டில்ல. நீங்க இல்லைன்னா அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள போய்ப் படுத்திருப்பேன். வாழ்நாள் பூரா அவ முகத்தைப் பாக்க முடியாமப் போயிருக்கும். ரெண்டு வருஷமா கேட்ல உங்களைப் பாக்குறேன், பேர்கூடக் கேட்டதில்ல. கேட்ட மொதக் கேள்வியே, ஏன் இந்த லிஃப்ட்ல ஏறுனீங்கன்னுதான்... வெக்கமா இருக்கு. ரொம்ப நன்றிக்கா.

பாஞ்சாலி: அட, போங்க சார்... கண்ணுல தண்ணி வர வெச்சுடுவீங்க போல.

நரேஷ்: உங்கப்பாவுக்கும் நன்றி சொல்லணும். அந்த டப்பா ரூல்...

பாஞ்சாலி: எங்கப்பாவுக்கா! ஐயோ...

நரேஷ்: ஏன் சிரிக்கிறீங்க?

பாஞ்சாலி: எங்கப்பா சுரங்கத்து ஆபீஸ்ல தோட்டக்காரரு சார். ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்துனவரு. பூமிக்குள்ள ஒரு அடிகூட எறங்குனதில்ல.

நரேஷ்: அப்ப அந்த ரூல்?

பாஞ்சாலி: அங்கயே, அப்பவே நானாக் கட்டிவிட்டது.

நரேஷ்: அடக் கடவுளே... பீரோ ஏத்துனாங்கன்னீங்களே, அது?

பாஞ்சாலி: பீரோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சர்வீஸ் லிஃப்ட் பாட்டுக்கு ஓடிக்கினுதான் இருந்துச்சு.

நரேஷ்: சரி, இப்ப எல்லா லிஃப்டும் ஓடுது. எதுக்குப் பதினோரு மாடி நடக்குறீங்க?

பாஞ்சாலி: மூணு வருஷமா இப்படித்தான சார் நடக்குறேன். லிஃப்ட் கதவு மூடுனாலே எனக்கு உயிர் போயிடும்.

நரேஷ்: அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் ஏறுனீங்க?

பாஞ்சாலி: நீங்க அழுதுக்கினே உள்ள போனீங்க தம்பி. கதவு மூடிக்கினு இருந்துச்சு. அழுவற ஆளைத் தனியா மேல அனுப்ப மனசு வரல, ஏறிட்டேன். அது நின்ன உடனே நான்தான் மொதல்ல கத்தியிருப்பேன்... நீங்க முந்திக்கிட்டீங்க.