கண்ணாடித் தொட்டி இறால்

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டுக்காரரு கைய வச்சா எறாலு செத்துருதுக்கா,” என்றாள் இளையவள்.

“என்னாடி சொல்ற?”

“தம்பி லோரில கடல் தண்ணி கொண்டாந்து, கண்ணாடித் தொட்டில மீனு, எறாலு எல்லாம் விட்டுக் குடுத்தான்லா. மீனு நல்லாத்தான் நீந்துச்சு. எறாலு மட்டும் ஒண்ணொண்ணா செத்துச்சு. ஈப்போல மீன் கடைக்காரரக் கேட்டோம். தண்ணில செம்பு கலந்திருக்கும், எறாலு அதத் தாங்காதுன்னாரு.”

“செம்பு எங்கேருந்து வந்துச்சு?”

“இவரு தேயிலைக்கு அடிக்கிறது செம்பு மருந்துக்கா. அந்தக் கையத்தான் தண்ணிக்குள்ள விட்டிருக்காரு. இப்ப தண்ணிய மாத்தியாச்சு. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவாம தொட்டிகிட்டயே போறதில்ல. புது எறாலு நல்லாருக்கு.”

“வேலை விட்டு வந்ததும் கழுவிருவாரா?”

“வந்ததும் பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுவாரு. அப்புறமாத்தான்…”

இளையவள் முந்தானையால் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தாள். கன்னம் சுத்தமாகத்தான் இருந்தது. பிரிஞ்சாங் வரும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.