கரிசலில் காயாத எச்சில்

உச்சிவேளை. புதூரிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் ரோடு... கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்காய் இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டுமென்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். இது நம்ம விஜியின் சித்தி சொர்ணத்தாய்க்கு நடந்தது.

ரோட்டோரக் காட்டில் தனியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் மாயகிருஷ்ணன் செத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

அவருக்கு நாக்குக்கு அடியில் கட்டி. மதுரையில் ரோபோவை வாய்க்குள் விட்டு வெட்டியெடுத்தார்கள். வெளியே ஒரு தையல் கிடையாது. ஊரே வந்து பார்த்து அதிசயப்பட்டது. "வெத்தலையத் தொடக் கூடாது. வாயில ஒரு பொட்டு ரத்தம் வந்தாலும் உடனே கூட்டிட்டு வந்துரணும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் மனுஷன் சோறில்லாமல் இருப்பார், வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டார். அடுத்த வாரம் ஒருநாள் காலையில், தொழுவத்துப் பக்கம் அவர் சிவப்பாகத் துப்பியதைப் பார்த்துவிட்டாள்.

"திருட்டு வெத்தல போட்டாச்சாக்கும்? இனி எங்கிட்டப் பேசாதீய!"

ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்குத்தான் பேச்சே வரவில்லையே. தலையை ஆட்டினார்... வாயைத் திறந்து காட்டினார்... இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தால் வாசலெல்லாம் ரத்தம். இதே ரோட்டில்தான், ஆட்டோவில், அவள் மடியிலேயே உயிர் போனது. பாவி மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

அன்றைக்கு அந்த வெயிலில், காற்று சட்டென்று நின்றது. ஆட்டுமணி... கிண்... கிண்... அதுவும் நின்றது. எல்லா ஆடுகளும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. அவள் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. ஆடுகள், முன்னே அவர் கூப்பிட்டால் ஓடுகிற மாதிரியே ரோட்டோரம் ஓடி, நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, சுற்றி நின்றன. ஒரு கிடாய்க்குட்டி கழுத்தை நீட்டிக் கண் சொக்கி நின்றது. யாரோ தடவிக்கொடுக்கிற மாதிரி.

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"ஆட்டக் கூப்பிடுதிய... என்ன ஒருக்கா கூப்பிட மாட்டியளா? வெத்தலன்னு நெனச்சிட்டேன்... சத்தியமா வெத்தலன்னுதான் நெனச்சேன்..."

பிளிச்...

துப்புகிற சத்தம். ஆடுகள் விலகின. வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணில் சிவப்பாக, ஈரமாக என்னவோ. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

ரத்த வாடை இல்லை. வெற்றிலையும் சுண்ணாம்பும் மணந்தது. இன்னும் வாய்ச்சூடு ஆறவில்லை.