மறுமுனையைப் பிடித்த கை

இரவு பன்னிரண்டரை. பட்டறைக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை... நம் தெருப் பெயிண்டரின் சித்தப்பா தனியாக நடந்துகொண்டிருந்தார். சிரிக்காதீர்கள், அவர் குடிக்கிற ஆள் இல்லை. விடிவதற்குள் சாணை மெஷினுக்குப் புதுக் கல் மாட்டியாக வேண்டும். கல் மாட்டுவதில் சூரர் என்று அவருக்குப் பெயர். பெயருக்கென்ன...

போன மாதம் அதே மெஷினில்தான் அவர் தங்கை புருஷன் செத்துப்போனான். கல் வெடித்தது. கல்லின் துளை, அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டைவிடப் பெரிசு. இடைவெளிக்கு அளவாக ஒரு இரும்பு வளையம், புஷ் என்பார்கள், கடைந்து போட்டிருக்க வேண்டும். சித்தப்பா சோம்பல்பட்டு, ஷாஃப்டில் காகிதத்தைச் சுற்றிக் கல்லை இறுக்கிவிட்டார். மையம் தப்பி ஆடிய கல் எவ்வளவு நேரம் தாங்கும்? ஆட்கள் ஓடிவருவதற்குள் அந்தக் காகிதத்தைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தங்கையிடம், "உன் வீட்டுக்காரன் அவசரக்காரன்மா, அழுத்திப் பிடிச்சுட்டான்" என்றார். அவளும் நம்பினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அதன்பிறகு அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட அவர் தொண்டையில் இறங்கவில்லை.

பட்டறைக் கதவைத் திறந்தார். பழைய எண்ணெய் வாசனை... கருகிய கல்பொடி வாசனை. இந்த முறை புஷ்ஷை மயிரிழை பிசகாமல் கடைந்து வைத்திருந்தார். மோட்டாரின் இரண்டு பக்கமும் நீளும் ஒரே ஷாஃப்ட். ஒரு முனையில் கல், மறுமுனையில் பாலிஷ் போடும் துணிச் சக்கரம். நட்டை இறுக்கினால் ஷாஃப்டும் கூடவே சுற்றும். அதனால் மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் அது மாப்பிள்ளையின் வேலை.

ஸ்பேனரைப் போட்டு இழுத்தார்...

ஷாஃப்ட் அசையவில்லை. நட் மட்டும் இறுகியது.

ஸ்பேனரை எடுத்துவிட்டுக் கல்லைத் தட்டினார். சர்ரென்று லேசாகச் சுற்றியது. மறுபடி ஸ்பேனர்... மறுபடி பிடித்தது. எட்டிப் பார்த்தார். மறுமுனையில் துணிச் சக்கரம், யாரோ இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்ததுபோல் குழிந்திருந்தது.

சித்தப்பா ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"மாப்ளே... விட்டுடு. தப்பு என்னோடதுதான். அவகிட்ட சொல்லிடறேன்."

குழிந்த துணி... மெல்ல மெல்ல உப்பியது.

விழுந்தடித்து ஓடினார். நேரே தங்கை வீடு. அந்த நேரத்திலும் கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. அழுது சிவந்த கண்களோடு தங்கை வாசலில் நின்றாள்.

"அம்மாடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"வேணாம்ணே" என்றாள். "இப்பத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டுப் படுத்தாரு... சத்தம் போடாத."