தூணில் ஒரு ஜோசப்

இறந்தவர்களுக்குத் திரி கொளுத்தும் ஆத்துமாக்கள் திருநாள், காலை எட்டேகால் மணி. 155ஆம் இலக்க பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில், கொட்டாஞ்சேனையில் ஏறிய இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் மெழுகுதிரிகள்.

"கல்லறைக்குத் திரி கொளுத்தச் சேமக்காலைக்கோ அக்கா?" என்றார் இளையவர்.

"இல்ல. டவுன் ஹோலடி யுத்தத் தூணுக்கு. அங்க ஜோசப் எண்டு ஒரு பேர் வெட்டியிருக்கு."

"அது வெள்ளைக்காரன்ட சண்டையில செத்த ஆளெல்லோ? உங்கட தம்பியை வீட்டில வந்தெல்லோ பிடிச்சுக்கொண்டு போனவங்கள்."

"ஓம். தம்பிக்குக் கல்லறை இல்ல. பேராவது ஒண்டுதானே."

இளையவர் சிரித்தார். "தன்ர திரியை ஆரோ பறிக்கிறான் எண்டு அந்த ஜோசப் கோவிக்கமாட்டாரோ?"

"அவருக்கும் ஆர் வருகினம்? ரெண்டு கொளுத்துறனான்."

பஸ் மருதானையைத் தாண்டியதும் இளையவர் சொன்னார்:

"என்ர மனுசன் காணாமப்போன நாளில இருந்து நான் ஒரு திரியும் கொளுத்தேல்ல அக்கா. கொளுத்தினா அவர் செத்ததாப் போயிடும் எண்டு பயம்." பிறகு, மெதுவாக: "ஸ்டீபன் எண்டும் ஒரு பேர் அங்க இருக்குதோ?"

"நான் ஜோசப்பை மட்டும்தான் தேடினனான். வா, பாப்பம்."

டவுன் ஹோலில் இருவரும் இறங்கினார்கள். இளையவர் டிக்கெட் எடுத்திருந்தது இன்னும் தள்ளியிருக்கும் வெள்ளவத்தைக்கு.