இரண்டாவது சட்டி வடை

வடை சுடுகிற வாசனையைத் தாண்டிப் போகிற கூட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை, சார். நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மடித்துக் காது குடைவார்கள். ஜீப்பில் மைக் கட்டிக் கத்தினால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு சட்டியில் எண்ணெயைக் காயவைத்து உளுந்து மாவைத் தட்டிப் போட்டால் தெருவே வந்து நிற்கும். அதனால்தான் எங்கள் பண்டகசாலையின் விளம்பரப் பொறுப்பு என் தலையில் விழுந்ததும் முதல் வேலையாக இரண்டு வடைச்சட்டிகள் வாங்கினேன்.

என் பெயர் தேவஇரக்கம். ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் பங்கு போட்டு நடத்துகிற கூட்டுறவுப் பண்டகசாலைக்குச் செயலாளர். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் விற்போம். நான் வந்தபோது அது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. சேத்தூர், தளவாய்புரம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகப் போய்க் கூட்டம் சேர்த்தேன். கோலப்போட்டி வைத்தேன், ஆடிப்பூரத் தேருக்கு வந்தவர்களுக்கு நீர்மோர் கொடுத்தேன். ஆனால் எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது எண்ணெய்ச் சோதனைதான்.

அதில் சூது ஒன்றும் கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்பு. முதல் சட்டியில் எங்கள் கடலை எண்ணெய், இரண்டாவது சட்டியில் வெளிக்கடை எண்ணெய். மாவு ஒன்றே. ஏசம்மாள் அக்கா கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டையும் ருசி பார்த்து எது நல்லது என்று சொல்வார். மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் வேலை பார்த்த விதவை அவர். வாய் நீளம், மனசு சுத்தம். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று பெண்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். எங்கள் எண்ணெய் ஒவ்வொரு கூட்டத்திலும் ஜெயித்தது.

எண்பத்தாறில் சுயம்புலிங்கம் பஜாரில் எண்ணெய்க்கடை போட்டார். நல்ல எண்ணெய். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சேத்தூர்க் கூட்டத்தில் அக்கா கண்கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே இரண்டாவது சட்டி என்று சொல்லிவிட்டார். கைதட்டல் ஓயவே நேரமானது. மறுநாளிலிருந்து எங்கள் உறுப்பினர்களே தூக்குச்சட்டியோடு சுயம்புலிங்கம் கடை வாசலில் நின்றார்கள். மூன்று கூட்டம் இப்படிப் போனால் பண்டகசாலைக்குப் பூட்டுத்தான். நான் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

“அக்கா, அடுத்த தடவ நம்ம சட்டியச் சொல்லிருங்க. நம்ம சங்கம்லா.”

“போ தம்பி. சங்கத்துக்கு எம்புட்டு வேலன்னாலும் செய்தேன். பொய் மட்டும் சொல்லச் சொல்லாத. அவிய எண்ணெ நல்லாருக்கு, நான் என்ன செய்ய?”

நான் அவரோடு சண்டை போடவில்லை. அவர் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். வழியில் வேலி நெடுகக் காட்டாமணக்கு காய்த்துக் கிடந்தது. அதன் கொட்டையைத் தின்றால் வயிறு என்ன பாடுபடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாலு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தால் அக்காவே தன் வாயால் சொல்லட்டும், எந்த எண்ணெய் நல்லது என்று. நான் நினைத்தது அவ்வளவுதான். யாரையும் சாகடிக்க நினைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு வெள்ளிக்கிழமை. அக்காவின் மில்லுக்கு அன்று வார விடுமுறை. சுயம்புலிங்கம் கடையில் எல்லோரும் பார்க்க வாங்கிய தகர டின்னில் காட்டாமணக்கு எண்ணெயை முன்கூட்டியே கலந்து வைத்திருந்தேன். அக்காவுக்கு வேண்டியதைச் சுட்டு எடுத்ததும், கால் தடுக்கியதுபோல இரண்டாவது சட்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டேன். வேறு யாரும் தின்றுவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தேன். கூட்டத்துக்கு முழுக்க எங்கள் எண்ணெய் வடைதான்.

அக்கா இரண்டாவது வடையைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கொஞ்சம் மென்றார். பிறகு பக்கத்தில் இருந்த மண்சட்டியில் துப்பிவிட்டு, “இதுதான் ருசி,” என்றார். நான் திகைத்துப் போனேன். அது தவக்காலம். அக்கா ஆர்.சி., நான் சி.எஸ்.ஐ. அவர்கள் வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருப்பார்கள், ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர எதையும் விழுங்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதம் வாசிக்கிறவனுக்குப் பக்கத்துத் தெருக் கோவிலின் நோன்பு நாள் ஞாபகம் வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் வெறும் முட்டாளாகப் போயிருப்பேன். அக்கா தன் தட்டில் மிச்சமிருந்த இரண்டாவது சட்டி வடைகளை வாழையிலையில் வைத்துக் கட்டினார்.

“யாருக்குக்கா?” என்றேன்.

“பாக்கியத்துக்குத்தான். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கால்லா. எண்ணெப் பலகாரம் வேணும்னு புள்ள ஏங்கிப் போய்க் கெடக்கா. விருந்து வீட்டுக்குப் போனாலும் மாசமா இருக்கவளுக்கு ஒரு பங்கு எடுக்காம வரக்கூடாது தம்பி.”

ஞானபாக்கியம் அவருடைய ஒரே மகள். தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். வயிறு நன்றாக இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்று அக்காவே காலையில் சொல்லியிருந்தார். நான் அவரை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். ராஜபாளையம் பஸ்ஸில் கூட்டம். அக்கா முண்டியடித்து ஏறி உட்கார்ந்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

கெட்டுப்போச்சு அக்கா, தூரப் போடுங்க என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பஸ் செத்த நேரம் நின்றுகொண்டுதான் இருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் யோசித்தேன் சார், நிதானமாகவே யோசித்தேன். கிழடு தட்டியவள் வாந்தியெடுத்தால் வெயில் என்பார்கள். மாசமாக இருப்பவளுக்கு ஏதாவது ஆனால் சுயம்புலிங்கம் கடைப் பக்கம் அதற்குப் பிறகு ஒரு பெண்ணும் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அந்தக் கணக்கு சரியாக இருந்தது. பஸ் புறப்பட்டதும் கையசைத்தேன்.

ஞானபாக்கியம் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். வயிற்றுப் பிள்ளையையும் எடுக்க முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இருந்த டின்னை நானே போலீசில் ஒப்படைத்தேன். சோதனையில் காட்டாமணக்கு கலந்திருந்தது தெரிந்தது. சுயம்புலிங்கத்தை விலங்கு மாட்டிப் பஜார் வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். “ஏலே, எங் கடைய நம்புங்கலே,” என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு பெண் அவர் மேல் செருப்பை எறிந்தாள். வழக்கு முடிவதற்குள் அவர் சிறையிலேயே இறந்துவிட்டார். அவருக்காக நான் ஜெபம் செய்தேன், அது உண்மை.

பண்டகசாலை பிழைத்தது. வருடாவருடம் தூய எண்ணெய் வாரம் கொண்டாடினோம். மேடையில் ஏசம்மாள் அக்காவை உட்காரவைத்து மாலை போடுவேன். அவர் அழுவதே போதுமானதாக இருந்தது. தளவாய்புரத்தில் கிளை திறந்தோம், பிறகு சேத்தூரில். இப்போது தொண்ணூற்று நாலு. மாவட்டத்திலேயே சிறந்த சங்கம் என்று கேடயம் வந்திருக்கிறது.

எனக்குத்தான் எங்கேயும் நிம்மதி இல்லை. வடைச்சட்டி காய்ந்தால் கூட்டத்துக்கு நடுவில் ஞானபாக்கியம் வந்து நிற்கிறாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையை நீட்டிக்கொண்டு. நான் ஒரு பங்கு எடுத்துத் தனியாக இலையில் வைக்கிறேன். கூட்டம் முடிந்து பார்த்தால் அது அப்படியே இருக்கிறது. பட்டப்பகலில், ஐந்நூறு பேருக்கு நடுவில் எனக்குப் பயமாக இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறேன்.

அதைவிட மோசம் அக்காதான். மகள் போனதிலிருந்து அவருக்கு ருசியே தெரிவதில்லை. உப்புப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுபோலச் சாப்பிடுகிறார். கூட்டம் முடிந்து நான் வீட்டில் கொண்டுவிடும்போதெல்லாம் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

“நாக்குல வச்சுப் பாத்தேனே தம்பி. எனக்கு ஏன் தெரியாமப் போச்சு? நாந்தான எம்புள்ளைக்கு ஊட்டிவிட்டேன்?”

“உங்க மேல தப்பில்லக்கா,” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். போன வாரமும் அழுதார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கலந்தவன் நான். கொடுத்தவன் நான். சுயம்புலிங்கம் ஒரு பாவமும் அறியாதவர். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் சார். ஏசம்மாள் அக்காவுக்கு இது தெரிய வேண்டாம். அவர் தாங்கமாட்டார். அவர் மனசு நோகக் கூடாது என்றுதானே இத்தனை வருடமும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.